பெரட்டுக்களத்துக் கணக்கு

பொழுது புலர்வதற்கு முன், தோட்டத்து ஆபீசுக்கு எதிரே ஆட்கள் வந்து நிற்கும் திடலுக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். படைவீரர்களை வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணும் ‘பரேட்’தான் தோட்டத் தமிழரின் நாவில் தேய்ந்து பெரட்டு ஆயிற்று. சொல்லோடு முறையும் பாளையத்திலிருந்தே வந்தது. கங்காணி பெயர் கூப்பிடுவார். கிராணி என்ற எழுத்தர் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் குறிப்பார். சின்ன துரை சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார். யார் பால்வெட்டுக்கு, யார் புல்வெட்டுக்கு, யார் கித்தா ஸ்டோர் என்ற ரப்பர் ஆலைக்கு, யார் சாக்கடை அள்ள என்பதெல்லாம் அந்த இருட்டிலேயே முடிவாகிவிடும். மலாக்காவின் ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் ரப்பர் தோட்டம் இருந்த இடமெல்லாம் இந்தக் காட்சி இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு நாள் தவறாமல் நடந்தது. அங்கே நடந்தது வேலைப் பிரிப்பு என்றே நாம் இதுவரை எழுதி வந்திருக்கிறோம். ஆனால் பிரிப்பு அதற்கு வெகுமுன்பே, தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடாற்காடு ஊர்களிலும், அதற்கும் முன்னால் ஒரு சட்டப் புத்தகத்தின் வரையறைப் பகுதியிலும் நடந்து முடிந்திருந்தது. ஒருவரால் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி அந்தப் பயணத்தில் எங்கும் கேட்கப்படவில்லை. அதனால்தான் கைத்திறன் மிகுந்த ஒரு தொழில் அரை நூற்றாண்டுக்கு மேல் திறனற்ற வேலை என்ற பெயரிலேயே நடந்தது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது அதைத்தான்.

வாதத்துக்கு மலாக்காவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் பயிரானது இங்கேதான். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி, ரப்பர் விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களைத் துரத்தித் துரத்திப் பேசியவர். காப்பியிலும் மரவள்ளியிலும் கண்ணாக இருந்தவர்கள் அவரைப் பித்தர் என்றார்கள். அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காச் சீனர் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டார். பிறகு லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசகானில் சுமார் 3000 ஏக்கருக்கு விரித்தார். ரப்பரை நட்டதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வெட்டியதைப் பற்றி எழுதுவோர் குறைவு. அமேசான் காட்டில் ரப்பர் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகி வீணாகும். பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே காயத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்து, மரத்தைச் சாகவிடாமல் பல்லாண்டு பால் எடுக்கலாம் என்பதை 1890களில் சோதித்து நிறுவியவர் ரிட்லி. ஆக, மலாக்காவில் முதல் மரங்கள் வெட்டுக்கு வந்தபோது இந்தத் தொழிலுக்கு உலகில் எங்குமே முன்னோர் கிடையாது. துரைக்கும் தெரியாது, கங்காணிக்கும் தெரியாது, உளி பிடிக்கப்போகிறவருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே நாளில் பள்ளியில் சேர்ந்தவர்கள்.

அந்தப் பாடம் என்ன என்று சற்று நின்று பார்க்க வேண்டும். ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் பட்டைக்குள் நேர்குத்தாக ஓடுவதில்லை. சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அதனால் வெட்டு இடப்பக்கம் மேலாகவும் வலப்பக்கம் கீழாகவும், கிட்டத்தட்ட முப்பது பாகைச் சரிவில் விழ வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் திறக்கும். பால் நிறைந்த அடுக்கு பட்டையின் உட்புறத்தில், மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலத்தை ஒட்டி இருக்கிறது. அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தூரம் வரை உளி போக வேண்டும், அதைத் தொடக் கூடாது. தொட்டால் காயம், காயம் முடிச்சாகி, பட்டை மீண்டும் வளரும்போது மேடும் பள்ளமுமாகி, ஏழெட்டு ஆண்டு கழித்து அந்தப் பக்கம் வெட்டுக்கே உதவாது. ஆழம் குறைந்தால் பால் குறையும். சீவல் தடித்தால் பட்டை சீக்கிரம் தீர்ந்துபோகும். இத்தனையையும் தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில வினாடிகளில், ஒரு காலையில் முந்நூறு நானூறு மரங்களுக்குச் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் குழாய்களின் அழுத்தம் தளர்ந்து பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் இருட்டில் தொடங்கினார்கள். பிறகு மங்கு எனும் கிண்ணத்தில் நிறைந்த பாலைச் சேர்த்து, வாளிகளைக் காண்டா எனும் காவடித்தடியில் மாட்டித் தோளில் சுமந்து, அது உறையும் முன் நிறுவைக்குக் கொண்டு வர வேண்டும்; மறுநாள் வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுத்து அதையும் சேர்க்க வேண்டும். 1920களின் நடுவில் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தபின் அறிவியலாளர்கள் வெட்டின் சரிவு, ஆழம், இடைவெளி பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் ஆராய்ந்ததெல்லாம் திறனற்ற வேலை என்று ஏட்டில் எழுதப்பட்ட ஒன்றை.

ஏட்டில் எழுதியது யார்? 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாடு போகும் உழைப்பாளரைத் திறன் வேலைக்காரர், திறனற்ற வேலைக்காரர் என்று இரண்டாகப் பிரித்தது. கைவினைஞர், குமாஸ்தா, கடை உதவியாளர், கண்காட்சிகளில் வேடிக்கை காட்டுவோர், உணவு விடுதியிலும் தேநீர்க் கடையிலும் பரிமாறுவோர், வீட்டு வேலைக்காரர் ஆகியோரெல்லாம் அதில் திறன் வேலை செய்வோர். பயிர்த்தொழிலோ திறனற்ற வேலையில் அடங்கும் என்று சட்டமே வரையறுத்தது. தேநீர்க் குவளை ஏந்தியவரின் கை திறன் உள்ள கை. உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து உளி நிறுத்தியவரின் கை திறனற்ற கை. பரிமாறுவது எளிது என்று சொல்ல வரவில்லை. கையைப் பார்க்காமலே கைக்குப் பெயர் வைத்தார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் தங்கி, பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ கரையிறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாம் தாண்டி ஜாசின் தோட்டக் குடியிருப்பான லயத்துக்கு ஒருவர் வந்து சேரும்போது அவருடைய தொழில் வகுப்பு முன்பே தீர்ந்துவிட்டது.

எந்தத் தோட்டம் என்பதையும், போன பிறகு எந்த இடம் என்பதையும் கங்காணி தீர்த்தார். ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நின்றபின் கங்காணி முறையே ஓங்கியது. உரிமம் பெற்ற தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்று ஊர்களுக்கும் போய், உறவிலும் சாதியிலும் ஆள் சேர்த்து வருவார். கப்பல் செலவை 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி ஏற்றது. தோட்டங்கள் தம்மிடம் வேலை செய்த இந்தியத் தொழிலாளரின் எண்ணிக்கைக்கு ஏற்ப அதில் பணம் கட்டின. தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ அத்தனைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆக, பெரட்டில் அவர் பார்த்தது தலை எண்ணிக்கையை. காய்ச்சலோடு நின்றாலும் தலை தலைதான். யாருக்கு எந்த மர நிரை என்பதில் அவருக்கிருந்த பிடி சாதாரணமானதல்ல. மேட்டு நிலம், சதுப்பு, பட்டை தீர்ந்த கிழட்டு மரம், பால் கொழிக்கும் நடுவயது மரம் என்று நிரைக்கு நிரை வேறுபாடு உண்டு. நல்ல நிரை கிடைத்தவர் சீக்கிரம் வாளி நிறைத்துத் திரும்புவார்; கெட்ட நிரைக்காரருக்கு மத்தியானம் ஆகும். கங்காணி பெண் கொடுத்த வீட்டாருக்கு ஒரு நிரை, எதிர்த்துப் பேசியவருக்கு இன்னொரு நிரை என்று அமைந்தால் கேட்பாரில்லை. துப்புரவு வேலை ஊரில் யார் தலையில் விழுந்ததோ தோட்டத்திலும் பெரும்பாலும் அவர் தலையிலேயே விழுந்தது. ஆபீஸ் நாற்காலி ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாருக்கும் மலையாளிக்கும் போயிற்று. கடல் தாண்டிய பிறகும் ஊர் அப்படியே கூட வந்தது.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக வரும்: வந்தவர்களுக்கு ரப்பர் மரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது, சில வாரங்களில் பழக்கி எடுத்தோம், அப்படிப் பழகியதைத் திறன் என்று எப்படிச் சொல்வது என்பது தோட்டக்காரர் தரப்பு. வந்தபோது தெரியாது என்பது உண்மை. ஆனால் அதே பிரிட்டிஷ் பேரரசின் கடற்படையைப் பாருங்கள். இங்கிலாந்தின் சாட்லியில் இருந்த ‘கேஞ்சஸ்’ பயிற்சிப் பள்ளிக்கு வந்த பதினைந்து பதினாறு வயதுப் பையன்களில் கடலையே பார்க்காதவர்கள் இருந்தார்கள். அவர்களைப் படிக்கவைத்து, தேர்வு வைத்து, சமிக்ஞை, பீரங்கி, டார்பிடோ என்று பிரித்தார்கள். தேறியவருக்குச் சட்டைக் கையில் தொழில்சின்னம் தைத்தார்கள். அந்தத் தொழிலுக்கென்று நாளொன்றுக்குச் சில பென்னி கூடுதல் சம்பளம் கொடுத்தார்கள். கப்பலின் அடிவயிற்றில் கரி அள்ளிப் போடும் வேலைக்கும் தனிப் பிரிவும் படிநிலையும் இருந்தன. இரண்டாம் உலகப் போரின்போது உளவியலாளர்களை அமர்த்திப் புது ஆட்களின் இயல்பை அளந்து பிரிவுக்கு அனுப்பும் அளவுக்கு அந்த முறை முதிர்ந்தது. ஒரு வேலையைத் திறனாக்குவது அதன் கடினம் மட்டுமல்ல, யாரோ உட்கார்ந்து அதற்குப் பாடமும் தேர்வும் சின்னமும் சம்பளப் படியும் வகுப்பதும்தான் என்பது அந்தப் பேரரசுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் தோட்டத்தில் அதைச் செய்யவில்லை. வெட்டு சரியில்லை என்றால் தண்டனை உண்டு. மரத்துக்கு மரம் காயம் எண்ணி, கூலியில் கழிப்பார்கள், அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, போடுவார்கள். வெட்டு நன்றாயிருந்தால் சான்றிதழ் இல்லை. திறனின்மையை நுணுக்கமாக அளக்கத் தெரிந்தவர்கள் திறனை அளக்க மறந்தார்கள் என்று நம்புவது கடினம்.

சந்தை விலைதான் கூலியைத் தீர்த்தது, பெயரில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது மறுப்பு. இதில் பாதி நியாயம் உண்டு. 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளருக்கு வகுத்த நிலைக்கூலி, போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்த 1930இல் அது 40, 32 என்று இறங்கியது. ஆயிரக்கணக்கானோரைத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். சந்தை கூலியை ஆட்டிப் படைத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த எண்களை மறுபடி பாருங்கள். ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று இருக்கிறதே தவிர, பால்வெட்டுக்கு இவ்வளவு, களை பறிக்க இவ்வளவு என்று இல்லை. பால்வெட்டுக்குச் சில காசு கூட்டிக் கொடுத்த தோட்டங்கள் உண்டு. அடித்தளமோ ஆளைப் பார்த்து வகுத்தது. ஒரே நிரையில் ஒரே எண்ணிக்கை மரம் வெட்டிய கணவனுக்கும் மனைவிக்கும் ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம். அடுத்த தோட்டத்துச் சீனத் தொழிலாளர் குத்தகைக் குழுவாக வந்து, எடைக்குக் கூலி பேசி, பொதுவாகத் தமிழரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். அதே மரம், அதே உளி, அதே சந்தை. சந்தை மட்டும் காரணமென்றால் இந்த வித்தியாசங்கள் எங்கிருந்து வந்தன? சீனர் தோட்டத்தோடு பேரம் பேசினார். தமிழர் சார்பில் பேசக் கங்காணி இருந்தார், அந்தக் கங்காணியும் தோட்டத்திடம் தலைக்காசு வாங்கினார்.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். சட்டம் இவர்களைத் திறனற்றவர் என்று வகைப்படுத்தியது இழிவுபடுத்த அல்ல, காப்பாற்ற. கைவினைஞர் தனக்காகப் பேசிக்கொள்வார், உழவர் ஏமாற்றப்படுவார் என்ற எண்ணத்தில், அவர்கள் போகும் நாடுகளின் மீது நிபந்தனை போடவும் அங்கே இந்திய அரசின் ஏஜெண்டை அமர்த்தவும் அந்தப் பிரிவே இடம் கொடுத்தது. 1936 இறுதியில் இந்திய அரசின் சார்பில் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி மலாயா வந்து தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதியதும், கங்காணி ஆள்பிடிப்பு இனி வேண்டாம் என்று சொன்னதும், 1938 ஜூனில் செலவு ஏற்று ஆள் கொண்டுபோகும் உதவிக் குடிபெயர்வை இந்திய அரசு நிறுத்தியதும் அந்தச் சட்டத்தின் பலத்தில்தான். அந்தத் தடை இல்லாதிருந்தால் தோட்டங்களுக்கு மலிவான ஆள் வந்துகொண்டே இருந்திருக்கும். இதையெல்லாம் ஏற்கிறேன். ஆனாலும் காக்க வந்த பெயர் எதிராளியின் கையில் விலைச்சீட்டாக மாறியதையும் பார்க்க வேண்டும். திறனற்றவர் என்று அவர்களுடைய அரசே எழுதிக் கொடுத்தபின், திறனுக்குக் கூலி கேட்க எந்த வாய் திறக்கும்? ஏஜெண்டு கூலியின் அளவைப் பற்றி வாதாடினார், லயத்தின் கூரையைப் பற்றி, மருத்துவமனையைப் பற்றி எழுதினார். வேலையின் வகுப்பைப் பற்றிய வாதம் கதவுக்கு வெளியிலேயே நின்றது. நல்ல எண்ணத்தில் வைத்த பெயர்களே நீண்டநாள் ஒட்டிக்கொள்கின்றன.

தோட்டத்துத் தமிழரின் இயல்பே திறன் வேலைக்கு ஒத்துவராது என்று சொல்வோருக்கு மலாக்கா நகரமே பதில். தோட்டங்களிலிருந்து சில மைல் தூரத்தில் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்ந்தார்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்த தமிழரின் வழிவந்தவர்கள். வீட்டில் மலாய் பேசிச் சைவம் காத்தவர்கள். அவர்களுடைய பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781இலேயே எழுந்தது. நகரத்தில் ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. அரசு அலுவலகங்களுக்குக் குமாஸ்தாக்களை அனுப்பிய சமூகங்களில் செட்டிச் சமூகமும் ஒன்று. அவர்களுக்கும் ஜாசின் லயத்தாருக்கும் இடையே மலைபோல் நின்ற வேறுபாடு பள்ளிக்கூடம். தோட்டத்திலும் பள்ளி இருந்ததே எனலாம். இருந்தது, ஒரு கொட்டகையில், பல நேரம் கிராணியோ கங்காணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க, தமிழில் சில வகுப்போடு முடியும் பள்ளி. ஆங்கிலப் பள்ளியில் சேர அங்கிருந்து படிக்கட்டு கிடையாது. அந்தப் பள்ளியை முடித்த பிள்ளைக்கு அடுத்த வகுப்பு பெரட்டுக்களம்தான். கடற்படையில் எழுத்தறிவு நன்றாயிருந்த பையனைச் சமிக்ஞைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். தோட்டத்தில் எழுத்தறிவு நன்றாயிருந்த பையனுக்கும் உளியே கிடைத்தது.

போருக்குப் பின் இது மெல்ல மாறியது. கங்காணியின் பிடி தளர்ந்தது. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது, பி. பி. நாராயணன் அதன் முகமானார். அதன்பின் கூட்டு ஒப்பந்தங்களில் பால்வெட்டாளர் தனி வகுப்பாக எழுதப்பட்டார். பாலின் எடையும் ரப்பர் விலையும் அவர் கூலியில் நேராகக் கணக்கிடப்பட்டன. ஏட்டில் தொழிலுக்குப் பெயர் விழ, புக்கிட் லிந்தாங்கில் முதல் கன்று நட்ட நாளிலிருந்து எண்ணினால் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் செம்பனை வந்துவிட்டது. குலை வெட்டுவது ஆணுக்கு, உதிரிப்பழம் பொறுக்குவதும் மருந்து தெளிப்பதும் பெண்ணுக்கு என்று அங்கேயும் ஒரு பிரிப்பு தானாக விழுந்தது. முதுகில் தொட்டியைக் கட்டி, பாராகுவாட் போன்ற கொடிய நஞ்சை நீரில் கலந்து தெளிப்பது பெண்களுக்கேற்ற லேசான வேலை என்றார்கள். மலேசியா அந்த மருந்தை 2002இல் தடைசெய்யப் புறப்பட்டு, 2006இல் திரும்ப அனுமதித்து, 2020 தொடக்கத்தில்தான் முழுவதுமாக விலக்கியது. அளவும் காற்றும் பாதுகாப்பும் தெரிந்தவர் மட்டுமே கையாள வேண்டிய ஒன்றுக்கு எந்தத் திறனும் தேவையில்லை என்று எண்ணியது பழைய கணக்கின் தொடர்ச்சியே.

பயிர்த்தொழிலைத் திறனற்ற வேலையில் சேர்த்த அந்த 1922ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியா 1983இல் நீக்கியது. அதற்குள் ஜாசின் வட்டாரத்துப் பல பால்மரக் காடுகள் செம்பனையாகிவிட்டிருந்தன.